துடைப்பம் சுவரில் நிற்கவில்லையா? எங்கே பிழை, எப்படிச் சரிசெய்வது

எந்த வீட்டிலும் துடைப்பம் ஒன்றோடு நிற்பதில்லை. கூடத்துக்குப் பூந்துடைப்பம், வாசலுக்குத் தென்னந்துடைப்பம், குளியலறைக்குத் தேய்ந்துபோன பழைய தென்னந்துடைப்பம், அப்புறம் மாப், ஒட்டடைக்குச்சி, குப்பை அள்ளும் முறம். எல்லாம் கதவு மூலையில் சாய்ந்து நிற்கும். ஒன்றை எடுத்தால் இன்னொன்று காலில் விழும். அதற்காகத்தான் சுவரில் ஒரு ஹோல்டர் வாங்கி மாட்டுகிறோம். ஒரு மாதம் போனால் ஹோல்டர் தரையில் கிடக்கிறது, துடைப்பம் பழைய மூலைக்கே போய்விடுகிறது.

எங்கள் வீட்டிலும் அக்கா வீட்டிலும் பக்கத்து வீடுகள் சிலவற்றிலும் இந்த வேலையைச் செய்து பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கடையில் கிடைக்கும் ஹோல்டர்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனுள்ள வழவழப்பான உருண்டைத் தடிக்கு ஏற்றவை. நம் துடைப்பங்களில் மாப் ஒன்றைத் தவிர வேறு எதற்கும் அப்படிப்பட்ட தடி கிடையாது. இலங்கையில் தும்புத்தடிக்கும் (தேங்காய்நார்த் துடைப்பம்) ஈர்க்குமாற்றுக்கும் (ஈர்க்குத் துடைப்பம்) நீளமான மரத்தடி பூட்டியிருப்பார்கள். அங்கே அந்த ஹோல்டர் பொருந்திவிடும். தமிழ்நாட்டுத் துடைப்பத்துக்கு நாமே யோசித்துச் செய்துகொள்ள வேண்டியதுதான்.

கீழே உள்ளதில் உங்கள் வீட்டுப் பிரச்சினை எதுவோ அதை மட்டும் படித்தால் போதும். அதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை: அளவெடுங்கள். கைப்பிடியைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, அந்த நூலின் நீளத்தை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். பிடியின் நுனியில் ஒரு முறை, பூ விரியத் தொடங்கும் இடத்தில் ஒரு முறை எடுங்கள். எங்கள் வீட்டுப் பூந்துடைப்பத்தில் நுனியில் சுற்றளவு 8.5 சென்டிமீட்டர், பூவுக்கு மேலே 12.5. அதாவது ஒரே பிடியில் விட்டம் 2.7 சென்டிமீட்டரில் தொடங்கி 4 வரை போகிறது. கீழே வரும் முதல் பிரச்சினைக்குக் காரணம் இந்த வித்தியாசம்தான்.

மாட்டிய துடைப்பம் மெல்ல மெல்ல வழுக்கி இறங்குகிறது

இரண்டு ரப்பர் உருளைகளுக்கு நடுவே தடியைச் செருகும் வகை ஹோல்டரில் இதுதான் அடிக்கடி வரும் புகார். ராத்திரி சரியாகத்தான் மாட்டியிருப்பீர்கள். காலையில் பார்த்தால் பூ தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும், இல்லை துடைப்பமே கீழே கிடக்கும்.

அந்த உருளைகள் சரிவாக அமைந்திருக்கும். தடி தன் எடையில் கீழே இறங்கப் பார்க்கும்போது உருளைகளும் கூடவே இறங்கி நடுவிலுள்ள இடைவெளியைக் குறைக்கும், தடி இறுகிவிடும். மாப் கம்பு இப்படித்தான் நிற்கிறது. பூந்துடைப்பத்தைப் பூ கீழே இருக்கும்படி மாட்டும்போது கதை வேறு. கீழே போகப் போகப் பருமன், மேலே போகப் போக ஒல்லி. துடைப்பம் ஒரு விரற்கடை இறங்கினால், உருளைகளுக்கு நடுவே முன்பைவிட ஒல்லியான பகுதி வந்து நிற்கும். பிடி தளரும். தளர்ந்ததால் இன்னும் இறங்கும். இறங்க இறங்கத் தளர்ச்சி கூடும். இதில் ஹோல்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

முதலில் சோதித்துப் பாருங்கள்: அதே துடைப்பத்தைத் தலைகீழாக, பூ மேலே இருக்கும்படி மாட்டுங்கள். இப்போது இறங்க இறங்கப் பருமனான பகுதி பிடிக்குள் வருவதால் தானாகவே இறுகி நிற்கும். நின்றுவிட்டால் காரணம் பிடியின் பருமன் வித்தியாசம்தான் என்று உறுதி. ஆனால் இதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ள நான் சொல்லமாட்டேன். கூட்டிய தூசி பூவுக்குள் இருக்கிறது. எடுக்கிறவர் முகத்துக்கு நேரே அது உதிரும். மூச்சுத்திணறல் உள்ளவர் வீட்டில் இருந்தால் கட்டாயம் கூடாது.

சரியான வழி, பிடிக்கு ஒரு தடுப்பு வைப்பது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு விரல் அகலத்துக்கு இரண்டு வளையம் வெட்டிக்கொள்ளுங்கள். சைக்கிள் கடையில் கேட்டால் ஒட்டுப்போட முடியாத டியூபை எடுத்துக் கொடுப்பார்கள். டியூபின் உள்ளே வெள்ளைப் பவுடர் இருக்கும். அதைக் கழுவி நன்றாகத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் ரப்பரே வழுக்கும். ஒரு வளையத்தைப் பிடியின் நுனியிலிருந்து நான்கு விரல் தள்ளி இழுத்து மாட்டுங்கள். வளையம் தொளதொளவென்று இருந்தால் இரண்டாகத் திருகி எட்டு வடிவத்தில் மாட்டினால் இறுகிவிடும். அதன்மேலேயே இரண்டாவது வளையத்தையும் ஏற்றுங்கள். இப்போது அந்த இடத்தில் சின்னதாக ஒரு மேடு வந்திருக்கும். மேட்டுக்குக் கீழே உள்ள பகுதியை உருளைகளுக்கு நடுவே செருகினால், துடைப்பம் இறங்கப் பார்க்கும்போது மேடு வந்து உருளையில் உட்கார்ந்துகொள்ளும்.

இதைவிட எளிய வழியும் உண்டு, பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. பல பூந்துடைப்பங்களின் நுனி மூடியில் ஒரு துளையோ காதோ இருக்கும். அதில் ஒரு நைலான் கயிற்றைக் கோத்து வளையமாக முடிந்து சாதாரணக் கொக்கியில் மாட்டினால் பிடி, உருளை எதுவுமே வேண்டாம். கயிறு வளையத்துக்குள் மூன்று விரல் தாராளமாகப் போக வேண்டும். அதைவிடச் சின்னதாக இருந்தால் கொக்கியைத் தேடி மாட்ட வேண்டியிருக்கும். தேடி மாட்ட வேண்டிய எதையும் வீட்டில் யாரும் மாட்டமாட்டார்கள்.

ஒட்டும் ஹோல்டர் சுவரோடு பெயர்ந்து வருகிறது

விழுந்த ஹோல்டரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பசையில் பெயின்ட் ஏடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், பசை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது, பெயின்ட்தான் சுவரை விட்டுவிட்டது. சுண்ணாம்பு அடித்த சுவர், டிஸ்டெம்பர் அடித்த சுவர், பல பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய பழைய சுவர் எல்லாம் இப்படித்தான். எத்தனை விலை கொடுத்து வாங்கிய பசையும் அதில் நிற்காது. அங்கே துளை போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

பசை சுத்தமாக இருந்து சுவரிலும் ஒன்றும் பெயரவில்லை என்றால், ஒட்டும்போது சுவரில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ இருந்திருக்கும். சமையலறை டைல்ஸில் கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு எப்போதும் உண்டு. சோப்புத் தண்ணீரால் கழுவி, காயவிட்டு, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஒட்டிய உடனே துடைப்பத்தை மாட்டிவிடாதீர்கள். ஒரு முழு நாள் விடுங்கள். வழவழப்பான டைல்ஸில் இது நன்றாக நிற்கும்.

ஸ்க்ரூ ஆடுகிறது, பிளக் துளைக்குள் சுற்றுகிறது

உள்சுவர்ப் பூச்சு பொதுவாக 12 முதல் 15 மில்லிமீட்டர் தடிமன். ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக் 30 மில்லிமீட்டர் நீளம் என்றால் கிட்டத்தட்டப் பாதி பூச்சிலும் மீதி செங்கல்லிலும் இருக்கும். பூச்சு நொறுங்கும் தன்மை உள்ளது; அதற்குப் பிடிப்பு கிடையாது. அதனால் துளையைக் கொஞ்சம் ஆழமாகப் போட்டு, பிளக்கின் வாய் சுவர் மட்டத்தோடு நிற்காமல் ஒரு சென்டிமீட்டர் உள்ளே போகும்படி தட்டிவிடுங்கள். 50 மில்லிமீட்டர் ஸ்க்ரூ போட்டால் செங்கல்லுக்குள் போய்ப் பிடிக்கும். 6 மில்லிமீட்டர் பிளக்குக்கு 6 மில்லிமீட்டர் டிரில் பிட்தான். 'கொஞ்சம் லூசாக இருந்தால் சுலபமாகப் போகும்' என்று பெரிய பிட் போட்டால் பிளக் சுற்றத்தான் செய்யும். துளைக்குள் இருக்கும் பொடியையும் ஊதி எடுக்க வேண்டும். ஒரு பழைய குளிர்பான ஸ்ட்ராவைத் துளைக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஊதுங்கள்.

ஏற்கெனவே பெரிதாகிவிட்ட துளை என்றால் 8 மில்லிமீட்டர் பிளக்குக்கு மாறலாம். இல்லையென்றால் துளையை நனைத்து, வெள்ளைச் சிமென்டைக் கெட்டியாகக் குழைத்து அடைத்து, அதிலேயே பிளக்கைச் செருகி இரண்டு நாள் விட்டுவிடுங்கள்.

துடைப்பத்தின் எடை அரைக் கிலோகூட இருக்காது, அதற்குப் போய் இத்தனை ஏற்பாடா என்று கேட்கலாம். சுவரைப் பெயர்ப்பது அந்த எடை கிடையாது, அவசரத்தில் துடைப்பத்தைக் கீழ்நோக்கி வெடுக்கென்று இழுக்கும் கைதான். அந்த இழுப்பு சில கிலோ இருக்கும். கொக்கி சுவரிலிருந்து எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறதோ அந்த அளவுக்கு, மேலே உள்ள ஸ்க்ரூவை அது பிடுங்கப் பார்க்கும். 8 சென்டிமீட்டர் வெளியே நீண்ட கொக்கி, அதன் அடித்தகட்டில் கீழ் விளிம்பிலிருந்து 4 சென்டிமீட்டர் உயரத்தில் மேல் ஸ்க்ரூ என்றால், ஐந்து கிலோ இழுப்பு அந்த ஸ்க்ரூவில் பத்துக் கிலோவாக விழும். கொக்கியின் நீளத்தைக் குறையுங்கள், அடித்தகட்டின் உயரத்தைக் கூட்டுங்கள். ஒற்றை ஆணி அடித்து அது தலை குனிந்துகொண்டே போவதற்கும் இதே காரணம்தான்.

சுண்ணாம்புச் சாந்தோ மண் சாந்தோ வைத்துக் கட்டிய பழைய வீடுகளில் எந்த இடத்தில் துளை போட்டாலும் மண்ணாகக் கொட்டும். அங்கே ஒவ்வொரு கொக்கிக்கும் தனித்தனியாகச் சுவரைத் தோண்டாதீர்கள். ஒரு நீளமான மர ரீப்பரை (மரச்சட்டத்தை) எடுத்து, சுவரில் கெட்டியான கல் அகப்படும் மூன்று இடங்களில் மட்டும் அதைப் பிடித்துவிட்டு, கொக்கிகளை ரீப்பரில் முறுக்குங்கள். பின்னால் கொக்கியை இடம் மாற்றவும் இது வசதி. இப்போதெல்லாம் நல்ல சுவரிலும் நான் ரீப்பர்தான் வைக்கிறேன்.

டைல்ஸ் சுவர் என்றால் டைல்ஸைக் கடக்கும் வரை டிரில்லின் ஹேமர் விசையை அணைத்தே வையுங்கள். ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளித் துளை போடுங்கள், ஓரம்தான் முதலில் விரிசல் விடும். ஸ்விட்ச்போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் எந்தக் காரணத்துக்காகவும் துளை போடாதீர்கள். உள்ளே ஒயர் குழாய் அந்த வழியாகத்தான் போகும். குளியலறையில் குழாய்க்கு நேர் மேலும் அப்படித்தான்.

தென்னந்துடைப்பத்திலிருந்து ஈர்க்கு உருவி உருவி விழுகிறது

மாட்டும் விதம் தவறு. தென்னந்துடைப்பத்துக்குப் பிடி என்று ஒன்று தனியாக இல்லை. ஈர்க்குகளின் அடியைச் சேர்த்துக் கட்டிய கட்டுதான் பிடி. புதிதாக வாங்கும்போது ஈர்க்கில் ஈரம் இருக்கும். காயக் காய ஒவ்வோர் ஈர்க்கும் கொஞ்சம் சுருங்கும், கட்டு தளரும். தளர்ந்த கட்டுக்குள் நாலைந்து ஈர்க்கை மட்டும் ஆணியில் கொளுவித் தொங்கவிட்டால், முழு எடையும் அந்த நாலைந்தின்மேல் விழுந்து அவை உருவிக்கொண்டு வரும். கவ்வும் வகை ஹோல்டரும் இதற்கு ஆகாது. அது வெளி வரிசை ஈர்க்குகளை நசுக்கும், உள்ளே இருப்பவை நழுவும்.

முதலில் கட்டைச் சரிசெய்யுங்கள். துடைப்பத்தை அடிப்பக்கம் கீழே வரும்படி பிடித்து, தரையில் நாலு தட்டுத் தட்டினால் ஈர்க்குகளின் அடி ஒரே மட்டத்துக்கு வரும். இரும்பு வளையம் போட்ட துடைப்பம் என்றால் வளையம் தளர்ந்த இடத்தில் பத்துப் பதினைந்து புது ஈர்க்கை நடுவில் செருகுங்கள். ஓரத்தில் செருகினால் நிற்காது, நடுவில் போனால்தான் மற்றவற்றை வெளியே நெருக்கிக் கட்டை இறுக்கும். கயிற்றுக்கட்டு என்றால் நனைத்த தேங்காய்நார்க் கயிற்றால் இழுத்துச் சுற்றுங்கள்.

அப்புறம் மாட்டுவதற்கு: ஒரு நைலான் கயிற்றின் நடுவே இரண்டு சுருக்கு போட்டு, கட்டுக்குச் சற்றுக் கீழே துடைப்பத்தில் ஏற்றி இறுக்கி, இரண்டு முனைகளையும் மேலே கொண்டுவந்து முடிந்து வளையமாக்குங்கள். ஆடுமாட்டை முளையில் கட்டும்போது போடும் சுருக்குதான் இது. துடைப்பம் தொங்கத் தொங்க அதன் எடையே சுருக்கை இறுக்கும். உருவுவது நிற்கும், கட்டுக்கும் இது இரண்டாவது கட்டு மாதிரி உதவும். எங்கள் வாசல் துடைப்பம் இந்தச் சுருக்கோடு இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது.

சுவரில் கறுப்புக் கறை, துடைப்பத்தில் பூஞ்சை நாற்றம்

ஈரத் துடைப்பம் சுவரை ஒட்டித் தொங்குகிறது. துடைப்பத்துக்கும் சுவருக்கும் நடுவே குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் காற்றுப்போக்கு வேண்டும். மேலே சொன்ன ரீப்பர் இங்கேயும் கைகொடுக்கும், அதன் தடிமனே கொக்கியை வெளியே தள்ளிக் கொடுத்துவிடும். குளியலறைத் துடைப்பத்தையும் மாப்பையும் மாட்டும் இடத்துக்குக் கீழே தண்ணீர் சொட்டினால் வடிகாலுக்கு ஓட வேண்டும்; மரக்கதவின் நிலைக்குப் பக்கத்தில் மாட்டினால் நிலை ஊறிப்போகும்.

ஹோல்டரைப் பிளைவுட்டில் செய்தீர்கள் என்றால் ஐ.எஸ். 303 முத்திரை உள்ள சாதாரணப் பலகையை ஈரப் பக்கம் வைக்காதீர்கள். மரைன் பிளை எனப்படும் ஐ.எஸ். 710 வாங்குங்கள், வெட்டிய விளிம்புகளுக்கும் பெயின்ட் கொடுங்கள். கடலோர ஊர்களில் சாதாரண இரும்பு ஸ்க்ரூ வெகு சீக்கிரம் துருவேறிச் சுவரில் செம்பட்டைக் கோடு இறக்கும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் பத்து ஸ்க்ரூவில் முடிகிற வேலைக்கு அது பெரிய செலவில்லை.

பூ ஒரு பக்கமாக வளைந்துவிட்டது

பூந்துடைப்பம் என்பது மேகாலயா போன்ற வடகிழக்கு மலைப் பகுதிகளில் விளையும் ஒரு புல்லின் பூங்கொத்து. கொஞ்சம் ஈரம் பட்டு எந்த வளைவில் காய்கிறதோ அந்த வளைவிலேயே நின்றுவிடும். கொக்கி தாழ்வாக இருந்து நுனி தரையில் மடிந்திருக்கும், இல்லை பக்கத்து முறம் அழுத்தியிருக்கும். பூவின் நுனி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கும்படி கொக்கியை ஏற்றுங்கள். வளைந்ததை நனைத்து, நேராக நீவி, ஒரு பழைய துண்டால் சுற்றிக் கட்டி, நிழலில் தொங்கவிட்டால் ஓரளவு நிமிரும்.

பிளாஸ்டிக் பிடி வாய் பிளந்துவிட்டது அல்லது உடைந்தது

பி.வி.சி. பைப்பை வெட்டிப் பிடி செய்கிறவர்களுக்கு இது. மாப் கம்புக்கு இது மிக நல்ல பிடி. கம்பின் விட்டத்துக்கு நெருக்கமான உள்விட்டமுள்ள பைப்பில் ஐந்து சென்டிமீட்டர் துண்டு வெட்டி, நீளவாக்கில் ஒரு பட்டையை எடுத்துவிட வேண்டும். வாய் கம்பின் விட்டத்தில் முக்கால் பங்கு இருக்கட்டும். அதைவிடக் குறுகலாக இருந்தால் ஒவ்வொரு முறை செருகும்போதும் பின்பக்கம் விண்ணென்று இழுபட்டு ஒருநாள் பிளந்துவிடும். வாய் இறுக்கமாக இருந்தால் பலம் கொண்டு விரிக்காதீர்கள். கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு, இடுக்கியால் எடுத்து, கம்பைவிடச் சற்றுப் பெரிய குழவி மாதிரி எதிலாவது மாட்டி ஆறவிடுங்கள். அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். வெயில் நேராக அடிக்கும் கொல்லைச் சுவரில் பி.வி.சி. நாளாவட்டத்தில் நொறுங்கும், அங்கே மரமோ ஸ்டீலோதான்.

திரீ-டி பிரின்டரில் பிடி அடித்துப் பார்த்தவர்கள், பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் அடித்திருந்தால் சில மாதத்தில் தளர்வதைப் பார்த்திருப்பார்கள். எப்போதும் விரிந்தே நிற்கும் பிடியில் அது மெல்ல இளகிக்கொடுக்கும், 60 டிகிரிக்குப் பக்கத்தில் நன்றாகவே மெத்தென்று ஆகிவிடும். பெட்-ஜி என்ற இழை இதற்குத் தாங்கும்.

ஒன்றை எடுத்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து வருகிறது

கொக்கிக்குக் கொக்கி இடைவெளி வைத்திருப்பீர்கள். ஆனால் அகலம் கீழேதான் இருக்கிறது. பூவின் விரிவை அளந்து அதற்கேற்ப இடம் விடுங்கள். இடம் போதாவிட்டால் பருமனும் ஒல்லியும் மாறிமாறி வரட்டும்: பூந்துடைப்பம், ஒட்டடைக்குச்சி, தென்னந்துடைப்பம், மாப். வீட்டுக்குள் கூட்டுவதையும் குளியலறைத் துடைப்பத்தையும் மட்டும் ஒரே ரீப்பரில் சேர்க்காதீர்கள்.

வாடகை வீடு, துளை போட அனுமதி இல்லை

ஜன்னல் கம்பியில் எஸ் வடிவக் கொக்கி. கொல்லைப்பக்க ஜன்னலின் வெளிப்புறம் மழைச்சாரல் படாத இடமாக இருந்தால் இதைவிட நல்லது வேறில்லை, காற்றோட்டமும் கிடைத்துவிடும். ஜன்னல் இல்லாவிட்டால் கதவின் மேல் விளிம்பில் மாட்டும் தகட்டுக் கொக்கி. கதவு முழுவதும் திறந்தால் துடைப்பம் சுவரில் நசுங்காமல் இருக்கத் தரையில் ஒரு ஸ்டாப்பர் வையுங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் யாரும் திரும்ப மாட்டுவதில்லை

இதை நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய பிழையாக நினைக்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் செய்த ஹோல்டர் பார்க்க அழகாக இருந்தது, கெட்டியாகவும் இருந்தது. ஆனால் அம்மா துடைப்பத்தைப் பழையபடி கதவுக்குப் பின்னால்தான் சாய்த்து வைத்தார். கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் அவர் மாட்ட முயல்வதைப் பார்த்தேன். இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தோளுக்கு மேல் உயர்த்த முடியாமல், கயிற்று வளையத்தைக் கொக்கியின் நுனியில் இரண்டு முறை தட்டித் தடவி, மாட்டாமலேயே இறக்கிவிட்டார். தோள்வலி உள்ளவருக்கு அந்தக் கொக்கி ஒரு சாண் அதிகம். நான் என் உயரத்துக்கு மாட்டியிருந்தேன்.

தினமும் கூட்டுகிறவர் யாரோ அவருடைய தோள் உயரத்துக்குக் கீழே கொக்கி வர வேண்டும். அந்த உயரத்தில் மாட்டினால் பூ தரையில் தட்டுகிறது என்றால், துடைப்பத்தின் நடுப்பகுதியில் சுருக்கு போட்டு அங்கிருந்து தொங்கவிடுங்கள். சுருக்கு விழும் இடம் பூவுக்கு மேலே, எடைமிகுந்த பக்கத்தை ஒட்டி இருந்தால்கூட, மேலே ஒரு சின்ன வளையம் பிடியைச் சாயாமல் நிறுத்திவிடும். கொக்கி மேல்நோக்கி மூடிய வடிவில் இல்லாமல், பக்கவாட்டிலிருந்து தள்ளினாலே மாட்டிக்கொள்ளும்படி நுனி சற்று மட்டுமே நிமிர்ந்திருக்கட்டும். இடமும் முக்கியம். கூட்டி முடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மாட்டுவார்கள், கூட்டத் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நடந்துபோய் மாட்டமாட்டார்கள்.

அம்மாவுக்காக இரண்டாவது முறை செய்தபோது டிரில்லை எடுப்பதற்கு முன் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, 'கூட்டி முடித்ததும் இந்தக் கோட்டுக்கு நேரே பிடித்துக் காட்டுங்கள்' என்று கேட்டேன். மூன்று நாளில் கோடு இரண்டு தடவை இடம் மாறியது. நிலைக்கு வலப்பக்கம் இருந்தது இடப்பக்கம் போனது. நான்காம் நாள் துளை போட்டேன்.